ஆராயப்பட்டோர் ஆராய்வோரான வரலாறு

நூற்றாண்டு மலர் ஒன்றில் வழக்கமாக இடம்பெறும் செய்திகள் பல உண்டு. அதிபர்களின் வரிசை, கட்டடங்கள் எழுந்த ஆண்டுகள், வென்றெடுத்த கேடயங்கள், பரீட்சைப் பெறுபேறுகள் ஆகியவற்றை இம்மலரின் ஏனைய பக்கங்களில் வாசகியர் காணலாம். நாம் இங்கே எழுத முற்படுவது, நம்மைப் போன்ற பெண் பாடசாலைகளில் படித்தோர் ஆராய்ச்சித் துறைகளுக்கு வந்து சேர்ந்த பாதையைப் பற்றியது.

வைத்தியம், சட்டம், விவசாயம், பௌதிகவியல், சமயம், கணினி என்னும் ஆறு துறைகளை எடுத்துக்கொண்டோம. ஒன்றோடொன்று தொடர்பற்றவைபோல் தோன்றும் இவற்றின் வரலாற்றை யாழ்ப்பாண மண்ணில் வைத்துப் பார்க்கும்போது ஓர் ஒற்றுமை புலப்படுகின்றது. பெரும்பாலான துறைகளில் பெண் முதலில் ஆராயப்படும் பொருளாகவோ, பிறர் சொல்வதைக் கேட்பவளாகவோ இருந்தாள். பின்னர் நூல்களை வாசிப்பவளானாள். அதற்கும் பல தலைமுறைகள் கழிந்தே ஆராய்பவளானாள். இந்த மூன்று படிகளையும் கடந்தவர்களின் பெயர்கள் ஒழுங்காகப் பதியப்படவில்லை என்பதே நமது கவலை. அந்தக் கவலையைத் தீர்க்க நமது சங்கத்தால் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் உண்டு. அதைக் கட்டுரையின் முடிவில் சொல்வோம்.

முதற்படி: எழுத்தறிவு

1824இல் அமெரிக்க மிஷனைச் சேர்ந்த ஹரியட் வின்சிலோ அம்மையார் உடுவிலில் பெண்களுக்கென விடுதிப் பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். பெண் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று ஊர் கேட்ட காலம் அது. அவருடைய கணவர் மிரன் வின்சிலோ 1862இல் வெளியிட்ட தமிழ் ஆங்கில அகராதியை ஆராய்ச்சியாளர் இன்றும் புரட்டுகின்றனர். உடுவிலைத் தொடர்ந்து 1834இல் வேம்படியிலும், 1896இல் சுண்டிக்குளியிலும், 1913இல் மருதனார்மடத்தில் சேர் பொன்னம்பலம் இராமநாதனின் முயற்சியாலும் பெண் பாடசாலைகள் எழுந்தன. கிறிஸ்தவப் பாடசாலைகளும் சைவப் பாடசாலைகளும் ஒன்றையொன்று பார்த்துப் போட்டியிட்டு வளர்ந்ததன் பயனை நாம் எல்லோரும் அனுபவித்தோம்.

எழுத்தறிவு பரவிய வேகத்தில் ஆராய்ச்சி வாய்ப்புப் பரவவில்லை. 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தோன்றியது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. 1945இல் இலவசக் கல்வி வந்தது. இவை ஒவ்வொன்றும் ஒரு வாசலைத் திறந்தன. ஆயினும், பெண் பிள்ளையைக் கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிப்பதா என்ற கேள்வி வீட்டுத் திண்ணையில் நெடுநாள் இருந்தது.

வைத்தியம்

யாழ்ப்பாணத்தில் மேலை வைத்தியம் தமிழில் கற்பிக்கப்பட்ட வரலாறு வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனுடன் தொடங்குகின்றது. 1847இல் இலங்கைக்கு வந்த அவர் மானிப்பாயை நிலையமாகக் கொண்டு பணியாற்றினார். ஆங்கிலத்தில் கற்பித்தால் மாணவர் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுவர், ஊரில் தங்க மாட்டார் என்பதைக் கண்டு, 1860களில் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். 60க்கும் மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியர்களாயினர். 1857இல் 'பிரசவ வைத்தியம்', 1867இல் 'இரண வைத்தியம்', 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்' என அவரும் அவருடைய மாணவர்களும் ஆக்கிய நூல்கள் ஒரு புதிய கலைச்சொற் களஞ்சியத்தையே தமிழுக்குத் தந்தன. எலும்புக்கும் நரம்புக்கும் தசைக்கும் தமிழிலும் வடமொழியிலும் இருந்த சொற்களைத் தேடி எடுத்து, கிடைக்காத இடத்தில் புதிதாக ஆக்கினார்கள். 1873இல் நாடு திரும்பிய கிறீன் 1884இல் காலமானார்.

இந்த நூல்களின் வரிசையில் பிரசவ வைத்தியம் முற்பகுதியிலேயே இடம்பெற்றதை நாம் கவனிக்க வேண்டும். தாய்மாரின் துன்பம் அக்கால வைத்தியரின் கண்முன் நின்ற துன்பம். அந்நூலின் பொருள் பெண்ணின் உடல். ஆனால் கிறீனிடம் பயின்று வைத்தியராக வெளியேறியோர் ஆண்கள். ஆண் வைத்தியரை அறைக்குள் விடாத குடும்பங்கள் மருத்துவிச்சியின் கைராசியையே நம்பின. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இணுவிலில் பெண்களுக்கென மக்லியோட் வைத்தியசாலை எழுந்ததும், அங்கே பெண் வைத்தியர்கள் கடமையேற்றதும் இந்த இடைவெளியை ஓரளவு நிரப்பின. கொழும்பு வைத்தியக் கல்லூரி 1870இல் தொடங்கப்பட்டபோதிலும், பெண்கள் அங்கே சேர்க்கப்பட்டது 1892இலேயே. 1899இல் அலிஸ் டி போயர் அங்கே படித்துத் தேறி, இந்நாட்டின் முதற்பெண் வைத்தியரானார்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. கிறீனின் காலத்திலிருந்து நூறு ஆண்டுகள் கழிந்து, உடலமைப்பியலை அதே மண்ணில் ஒரு பெண் கற்பிக்கும் நாள் வந்தது. அத்துறையின் தலைவராக இருந்த ராஜினி திரணகம இங்கிலாந்தில் உயர்கல்வி கற்றவர். அங்கேயே தங்கியிருக்க வாய்ப்பிருந்தும் ஊருக்குத் திரும்பியவர். போரின் நடுவே மாணவர்களுக்குப் பாடம் நடத்தியதோடு, மக்கள் பட்ட துயரைப் பதிவுசெய்த 'முறிந்த பனை' நூலின் ஆசிரியருள் ஒருவராகவும் விளங்கினார். 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பல்கலைக்கழகத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது அவருக்கு வயது 35. ஆராய்ந்து கண்டதை மறைக்காமல் எழுதுவதற்கு எவ்வளவு விலை கொடுக்க நேரலாம் என்பதை அவருடைய வாழ்வு நமக்குச் சொல்கின்றது.

அதே பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியல் பேராசிரியையான வசந்தி அரசரத்தினம் 2011இல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார். அப்பதவியில் அமர்ந்த முதற்பெண் அவரே. பிரசவ வைத்தியம் அச்சேறிய ஆண்டிலிருந்து அந்த நாள்வரை 154 ஆண்டுகள்.

சட்டம்

வைத்திய நூலில் பெண்ணின் உடல் எழுதப்பட்டதற்கும் முன்னரே, சட்ட நூலில் பெண்ணின் காணி எழுதப்பட்டுவிட்டது. ஒல்லாந்தர் ஆட்சியில் யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ், இம்மண்ணில் நெடுநாள் பழகித் தாம் அறிந்த வழமைகளைத் தொகுத்து 1707இல் கையளித்தார். அது தமிழாக்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி ஒப்புதல் பெறப்பட்டது. அதுவே தேசவழமை. பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்குச் சட்டவலு அளித்தனர்.

முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்னும் மூன்று சொற்களை அறியாத யாழ்ப்பாணத்துப் பெண் இல்லை. மகளுக்குக் காணி எழுதிக் கொடுக்கும் வழமை இருந்தபடியால், அயலிலுள்ள வேறு பல சமூகங்களில் இல்லாத சொத்துரிமை நம் பாட்டிமாருக்கு இருந்தது. அதே வேளை, சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் மிகுதிச் சொத்தில் பங்கு கேட்க முடியாது என்பதும் அந்த வழமையே. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் பற்றிய கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். சீதன உறுதி அவளுடைய பெயரில். அதை விற்கவோ ஈடு வைக்கவோ தேவையான கையொப்பம் அவருடையது.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று. போரில் கணவர் காணாமற்போன பெண்ணொருத்தி, பிள்ளையின் படிப்புக்காகத் தன் சீதனக் காணியை விற்க நொத்தாரிசிடம் போனபோது, முதலில் கேட்கப்பட்டது அந்தக் கையொப்பமே. அத்தகைய நிலையில் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியைப் பெறலாம் என்பதும் அதே சட்டத்தில் உண்டு. அதை அறிந்தவர் எத்தனை பேர், அறிந்தும் வழக்குச் செலவுக்குப் பணம் வைத்திருந்தவர் எத்தனை பேர்?

தேசவழமையை நவீன சட்ட ஆய்வின் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் நீதியரசர் எச். டபிள்யூ. தம்பையா. யாழ்ப்பாணத் தமிழரின் சட்டங்களும் வழமைகளும் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய நூலை வழக்கறிஞர்கள் இன்றும் மேற்கோள் காட்டுவர். பிற்காலத்தில் அந்நூலை மறுபதிப்பாக வெளியிட்டது கொழும்பிலுள்ள பெண்கள் கல்வி ஆய்வு நிறுவனம். ஒரு பெண்கள் நிறுவனம் அதை அச்சிட்டதில் ஒரு பொருத்தம் இருக்கின்றது. அந்த நிறுவனத்தை நெறிப்படுத்திய செல்வி திருச்சந்திரன், யாழ்ப்பாணத்துப் பெண்கள் ஆய்வு வட்டத்தினர், 1986இல் 'சொல்லாத சேதிகள்' என்னும் கவிதைத் தொகுப்பை வெளிக்கொணர்ந்த சித்திரலேகா மௌனகுரு முதலியோரின் உழைப்பால், பெண்ணின் நிலையைப் பெண்ணே ஆராயும் துறை தமிழில் வேரூன்றியது.

விவசாயம்

காணி பெண்ணின் பெயரில் இருந்தது. அந்தக் காணியிலுள்ள கிணறு அவளுடைய அன்றாடம். யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளூடாக இறங்கி, கீழே இருக்கும் உவர் நீரின்மேல் நன்னீர்ப் படையாக மிதக்கின்றது. துலாவால் இறைத்த காலத்தில் மனிதனின் வலுவே அளவுகோலாக இருந்தது. நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவிய பின் அந்த அளவுகோல் இல்லாமற் போயிற்று. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் பணம் தந்தன. தோட்டங்களில் யூரியா முதலிய பசளைகளின் பாவனையும் ஏறியது.

நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் ஒரு திட்டத்தை முன்வைத்தார். ஆனையிறவுக் கடலேரியில் கடல்நீர் புகாமல் தடுத்து, மழைக்காலத்தில் வன்னியிலிருந்து வரும் வெள்ளத்தை அங்கே தேக்கி, வாய்க்கால்வழியாகக் குடாநாட்டுக் கடலேரிகளுக்குக் கொண்டுவரலாம் என்பதே அது. 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' என்று மக்கள் அதைச் சொல்வர். பல தலைமுறைகள் பேசியும் அது முழுமை பெறவில்லை.

1980களில் விவசாய ஆய்வாளர்கள் யாழ்ப்பாணத்துக் கிணறுகளின் நீரை எடுத்துச் சோதித்தபோது, பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு கூடியிருந்தது தெரியவந்தது. குடிநீரில் ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அளவு மீறினால் கூடுதலாகப் பாதிக்கப்படுவது பால்மா கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தை. அதன் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உடல் நீலம் பாரிக்கும். ஆகவே கிணற்றடி ஆய்வு, தோட்டக்காரரின் பிரச்சினை என்ற எல்லையைத் தாண்டித் தாயின் அடுப்படிவரை வருகின்றது.

1990இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் தொடங்கப்பட்டது. போர் அதை அங்கிருந்து பெயர்த்தது. திருநெல்வேலியில் ஒதுங்கியிருந்து, போர் முடிந்தபின் மீண்டும் கிளிநொச்சிக்குச் சென்றது. அப்பீடத்தில் இன்று மாணவியரும் பெண் விரிவுரையாளர்களும் பெருந்தொகையினர். மண்ணையும் விதையையும் நீரையும் ஆராயும் அவர்கள், தண்ணீர் அள்ளிய கைகளின் பேத்திமார்.

பௌதிகவியல்

ஆறு துறைகளில் நம் பெண்கள் மிகப் பிந்தி நுழைந்தது பௌதிகவியலிலே. இதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. ஆய்வுகூடம் இல்லாமை. பல பெண் பாடசாலைகளில் நெடுங்காலம் தாவரவியலும் சுகாதாரமும் மனையியலும் இருந்தன. பௌதிகவியலுக்கு வேண்டிய உபகரணங்களும் ஆசிரியர்களும் ஆண் கல்லூரிகளுக்கே முதலில் கிடைத்தன. விஞ்ஞானம் படிக்க விரும்பிய மாணவியர் ஆண் கல்லூரிக்குச் சென்று பின்வாங்கில் இருந்து படித்த கதைகளை நம் மூத்த சகோதரிகள் இன்றும் சொல்வார்கள்.

அதே காலத்தில் தமிழர் பௌதிகவியலில் செய்தவை சிறியன அல்ல. சி. ஜே. எலியேசர் கேம்பிரிட்ஜில் டிராக்கின் கீழ் ஆய்வு செய்தவர். ஆர்முடுகும் மின்னேற்றம் கதிர்வீசிச் சக்தியை இழக்கும் என்பது பழைய கொள்கை. அதன்படி, புரோத்தனை நோக்கி நேரே செல்லும் இலத்திரன் அதனுள் விழவேண்டும் என்றே எவரும் எண்ணுவர். டிராக் 1938இல் தந்த சமன்பாட்டை ஐதரசன் அணுவுக்குப் பிரயோகித்த எலியேசர், இலத்திரன் விழாமல் திரும்பி விலகி ஓடிவிடும் என்று 1943இல் காட்டினார். எதிர்பாராத இந்த முடிவு, அச்சமன்பாட்டின் எல்லைகளைப் பற்றி அறிஞர்களைச் சிந்திக்க வைத்தது. பின்னர் அவர் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியராகவும், மலாயாவிலும் மெல்பேணிலும் பேராசிரியராகவும் விளங்கினார்.

இன்னொருவர் சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவில் பிறந்து, விஞ்ஞானப் பட்டதாரியாகி, விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றி, 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். மறைந்துபோன யாழ்க் கருவிகளின் அமைப்பைப் பழைய நூல்களிலிருந்து மீட்கும்போது, ஒலியின் அதிர்வெண்களைக் கணித்து, நரம்பின் நீளத்துக்கும் சுரத்துக்கும் உள்ள தொடர்பைக் கொண்டு ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியின் விளைவான 'யாழ் நூல்' 1947இல் அரங்கேறியது. அதே ஆண்டு அவர் மறைந்தார். விஞ்ஞானமும் இலக்கியமும் வேறு வேறு அறைகளில் இருக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நமக்குத் தெரியாது.

சுயமொழிக் கல்வி வந்தபின், அரச கரும மொழித் திணைக்களம் கலைச்சொற் தொகுதிகளை வெளியிட்டது. உயர்தர வகுப்பில் பௌதிகவியலையும் இரசாயனவியலையும் தமிழிலே கற்ற தலைமுறை உருவாயிற்று. பெண் பாடசாலைகளிலும் ஆய்வுகூடங்கள் எழுந்தன. மாணவியர் பெருமளவில் விஞ்ஞானப் பிரிவை நாடத் தொடங்கிய அந்த நேரத்திலேயே தரப்படுத்தலும் வந்தது. 1970-71 அனுமதியில் வைத்திய பீடத்துக்குச் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229 புள்ளிகள் போதுமாயிருக்க, தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகள் வேண்டியிருந்தன. அந்த 21 புள்ளிகள் பல வீடுகளின் போக்கை மாற்றின. வசதியுள்ளவர் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பினர். எத்தனையோ வீடுகளில், இருந்த பணம் மகனின் பயணத்துக்கே போதுமாயிருந்தது. மகள் ஆசிரியையானாள், அல்லது எழுதுவினைஞரானாள். அவர்களுள் எத்தனை பௌதிகவியலாளரை நாம் இழந்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

சமயம்

சமய ஆராய்ச்சியில் நமது நாடு பெருமைப்படத்தக்க பரம்பரை உடையது. ஆறுமுக நாவலர் 1822 முதல் 1879 வரை வாழ்ந்து, பழைய நூல்களைப் பரிசோதித்துப் பதிப்பித்து, உரைநடையில் சைவத்தை மக்களுக்குச் சொன்னார். நல்லூர் ஞானப்பிரகாசர் சொற்பிறப்பு ஆராய்ச்சியில் ஆழ்ந்தார். தனிநாயக அடிகள் 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்னும் ஆய்விதழைத் தொடங்கி, 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். எம். எம். உவைஸ் தமிழுக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை ஆய்வுப் பொருளாக்கி, மறக்கப்பட்டிருந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். சைவமும் கிறிஸ்தவமும் இஸ்லாமும் தமிழாராய்ச்சி என்னும் ஒரே முற்றத்தில் சந்தித்தன.

அந்த முற்றத்தில் பெண்கள் நெடுங்காலம் கேட்போராகவே இருந்தார்கள். கோயிலில் கந்தபுராணப் படிப்பு நடக்கும்போது ஒருவர் வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். இருவரும் ஆண்கள். தூணோரம் இருந்து கேட்ட பெண்களுக்குப் பாட்டும் பொருளும் மனப்பாடமாக இருந்தன. 1921இல் தொடங்கப்பட்ட ஆரிய திராவிட பாஷாபிவிருத்திச் சங்கம் நடத்திய பாலபண்டித, பண்டித பரீட்சைகள் இந்த நிலையை மாற்ற உதவின. பல்கலைக்கழகம் போக முடியாத ஆசிரியைமாரும் வீட்டிலிருந்து படித்துப் பண்டிதையாக முடிந்தது. அவ்வாறு வந்தவர்களுள் யாவரும் அறிந்தவர் தங்கம்மா அப்பாக்குட்டி. 1925இல் பிறந்த அவர், புராணங்களுக்கும் திருமுறைகளுக்கும் பொருள் விரித்து நாடெங்கும் பேசினார். தெல்லிப்பழைத் துர்க்கையம்மன் கோயிலின் நிருவாகத்தைத் தலைமையேற்று நடத்தினார். பெற்றோரை இழந்த பெண் பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். 2008இல் அவர் மறைந்தபோது, தூணோரத்திலிருந்து மேடைக்கு வந்த பயணம் ஒரு வாழ்நாளுக்குள் நடந்து முடிந்திருந்தது.

கணினி

இவ்வளவு ஆராய்ச்சியும் எங்கே இருக்கின்றது என்ற கேள்வி நம்மைக் கணினியிடம் கொண்டுவருகின்றது.

1981 மே 31ஆம் திகதி இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. சுமார் 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பராயின. தீயைக் கண்ட பன்மொழி அறிஞர் தாவீது அடிகள் அந்த அதிர்ச்சியிலேயே உயிர் நீத்தார். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேறியபோது, வீடுகளில் இருந்த நூல்களும் கையெழுத்துப் பிரதிகளும் பாடசாலைச் சஞ்சிகைகளும் அழிந்தன. நமது கல்லூரியின் பழைய இதழ்கள் பலவும் இவ்வாறே கைவிட்டுப் போயின.

தாளில் இருந்த தமிழ் கணினிக்குள் வந்த கதையிலும் யாழ்ப்பாணத்தவரின் பங்கு உண்டு. சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழின் 247 எழுத்துக்களை ஒரு தட்டச்சுப் பொறியின் சில பத்து விசைகளுக்குள் அடக்கும் வழியைக் கண்டார். அவருடைய பொறியிலேயே பல ஆண்டுகள் தமிழ் அலுவலகங்கள் இயங்கின. அந்த அலுவலகங்களில் விசைகளைத் தட்டியவர்களுள் பெண்கள் மிகப் பலர். எத்தனையோ ஆய்வேடுகளைப் பிழையறத் தட்டச்சுச் செய்துகொடுத்த அவர்களின் பெயர் முகவுரையில் ஒரு வரியாக வந்தால் அதுவே பெரிது.

கணினியிலும் அதே கேள்வி எழுந்தது. 1991இல் வெளியான ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. அடிப்படை எழுத்தோடு குறிகளைச் சேர்த்து உயிர்மெய்யை ஆக்குவதே அங்கும் வழி. அதற்கு முன்பும் பின்பும் ஒவ்வொருவர் ஒவ்வோர் எழுத்துருவைப் பயன்படுத்தியதால், ஒரு கணினியில் எழுதியதை இன்னொரு கணினியில் வாசிக்க முடியாத காலம் ஒன்று இருந்தது. ஒருங்குறி பரவிய பின்னரே ரொறன்ரோவில் எழுதியது யாழ்ப்பாணத்தில் எழுத்துக் குலையாமல் திறந்தது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் சிறப்பு மலர்களையும் படமெடுத்து எவரும் வாசிக்க வைத்திருக்கின்றது. எரிந்தவை அனைத்தும் திரும்பி வரமாட்டா. யாரோ ஒருவரின் அலுமாரியில் தப்பியிருந்த ஒரு பிரதி, பலருக்கும் உரிய பிரதியாகிவிடுகின்றது.

நாம் செய்யவேண்டியது

இந்த ஆறு துறைகளிலும் நமது பழைய மாணவியர் இருக்கின்றார்கள். கொழும்பிலும் பேராதனையிலும் மட்டக்களப்பிலும், இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் ஒஸ்லோவிலும் ஆய்வேடு எழுதியிருக்கின்றார்கள். அவற்றைத் தேடிப் பார்ப்பவருக்கு ஒரு தடை உண்டு. நம் பெண்களின் பெயர் திருமணத்தோடு மாறுகின்றது. முதலிரு கட்டுரைகள் தந்தையின் பெயரோடு வருகின்றன. அடுத்தவை கணவரின் பெயரோடு வருகின்றன. வெளிநாடு சென்றபின் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டல் மூன்றாவது பெயராகின்றது. நூலக அட்டவணையில் ஒரே பெண் மூன்று பேராகிவிடுகின்றாள். ஒருவருடைய உழைப்பு மூன்றாகச் சிதறுவதால், எந்த இடத்திலும் அது பெரிதாகத் தெரிவதில்லை. வரலாறு எழுதுவோர் 'பெண் ஆய்வாளர் சிலரே' என்று எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் திறவுகோல் உலகத்தின் எந்தப் பெரிய நூலகத்திலும் இல்லை. அது ஒரு பாடசாலையின் சேர்வுப் பதிவேட்டிலும், உடன் படித்தவர்களின் ஞாபகத்திலும் இருக்கின்றது. ஒருத்தியை ஐந்து வயதில் என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள், பின்னர் அவள் யாராகி எங்கே போனாள் என்பதை அறிந்த ஒரே அமைப்பு பழைய மாணவிகள் சங்கமே.

ஆகவே சகோதரிகளிடம் நாம் கேட்பது மிகச் சிறிய காரியம். ஆய்வு செய்தவர் எவராயினும், துறை எதுவாயினும், ஒரு தாளில் இவற்றை எழுதி அனுப்புங்கள்: கல்லூரியில் இருந்தபோதுள்ள பெயர், இப்போதுள்ள பெயர், ஆய்வு வெளியான பெயர் அல்லது பெயர்கள், ஆய்வின் தலைப்பு, ஆண்டு, எந்தப் பல்கலைக்கழகம் அல்லது இதழ், எந்த மொழி. அதன் கீழே, என்ன கண்டறிந்தீர்கள் என்பதைப் பத்து வரிகளில் தமிழில் எழுதுங்கள். உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி வாசித்தால் விளங்கக்கூடியதாக அது இருக்கட்டும். தமிழில் எழுதிப் பழக்கம் விட்டுப்போனவர் சொல்ல, இங்கே இருப்பவர் எழுதிக்கொள்ளலாம். மறைந்துபோன சகோதரிகளுக்காக அவர்களின் பிள்ளைகளோ வகுப்புத் தோழியரோ எழுதலாம். பட்டம் முடிக்காமல் இடையில் நின்ற ஆய்வுகளும் வேண்டும். தட்டச்சுச் செய்தவர்களின் பெயர்களும், ஆய்வுகூட உதவியாளர்களின் பெயர்களும் வேண்டும்.

அவை சேர்ந்தபின் ஒரு பிரதி கல்லூரி நூலகத்தில் இருக்கும். இன்னொன்று எண்ணிம வடிவில் வெளியே இருக்கும். ஒரே கட்டடத்தில் ஒரே பிரதியை வைத்திருப்பதன் ஆபத்தை 1981இல் நாம் கற்றுக்கொண்டோம்.

இந்த நூற்றாண்டு மலரைக் கையிலெடுக்கும் மாணவியருள் ஒருத்தி பௌதிகவியல் படிக்கலாமா, சட்டம் படிக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பாள். தன்னுடைய வகுப்பறையிலே, தன்னுடைய வாங்கிலே இருந்து படித்த ஒருவர் அந்தத் துறையில் என்ன கண்டறிந்தார் என்பதை அவள் பெயரோடு அறிந்துகொள்ளட்டும். தாள்களை இந்த ஆண்டு முடிவதற்குள் அனுப்பிவைக்குமாறு அன்போடு வேண்டுகின்றோம்.